நெஞ்சுக்குள் ஒரு கணவாய்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழியில் பேருந்தை விட்டு இறங்குபவர் முதலில் வேட்டியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியும் தறுவாயில் விட்டுவைத்த இடைவெளியில் இருக்கிறது இந்த ஊர். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் முட்டி, போக்கிடம் தேடி, இந்தக் கணவாய்க்குள் புகுந்து கிழக்கே பாய்கிறது. பரந்த வெளியில் வந்த காற்று முழுவதும் ஒடுங்கிய வாசலைக் கடந்தாக வேண்டும். அதனால் வேகம் கூடுகிறது. முப்பந்தல் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காற்றாலைகள் நிற்பதற்கு இந்த ஒடுக்கம்தான் காரணம்.

இந்தக் காற்றாலைகளைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து வந்தவர்கள். கோபுரத்துக்குள் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி போகும். இடுப்பிலும் தோளிலும் பெல்ட்டை இறுக்கி, அதன் கொக்கியை ஏணியோடு ஓடும் கம்பியில் மாட்டிவிட்டு ஏற வேண்டும். லிஃப்ட் இல்லாத கோபுரங்களே அதிகம். 80 மீட்டர் என்றால் ஏறக்குறைய 26 மாடி. கீழே நிற்கும்போது நிமிடத்துக்கு 70 முறை துடித்த இதயம், மேலே போய்ச் சேரும்போது 150-ஐத் தாண்டியிருக்கும். ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளிய அதே இதயம், இப்போது 15, 20 லிட்டர் தள்ளிக்கொண்டிருக்கும். காற்று வீசும் சீசனில் ஒரு மெஷின் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்; அதனால் ஏறுவதற்கு நேரம் காலம் பார்க்க முடியாது.

உயரத்தில் வேலை செய்கிறவர்களிடம் மருத்துவத் தகுதிச் சான்று கேட்கும் வழக்கம் பெரிய நிறுவனங்களிலாவது இருக்கிறது. பி.பி. பார்க்கிறார்கள், ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், தலைசுற்றல் உண்டா என்று கேட்கிறார்கள். அந்த இளைஞனோடு பள்ளியில் படித்தவன் கோயில் கொடையில் கபடி ஆடுகிறான், குளத்துக் கரையிலிருந்து தலைகீழாகப் பாய்கிறான், காவல்கிணறு சாலையில் எதிர்காற்றில் மோட்டார் சைக்கிளை முறுக்குகிறான். அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கணவாயைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே அமைப்பு சில இளைஞர்களின் இதயத்துக்குள்ளும் இருக்கிறது.

இதயத்தின் இடது கீழறைதான் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. அந்த அறைக்கும் வலது கீழறைக்கும் நடுவே ஒரு தசைச் சுவர் உண்டு. சாதாரணமாக அதன் தடிமன் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்று மருத்துவர்கள் சொல்லும் தசைத்தடிப்பு நோயில் இந்தச் சுவர் 15 மில்லிமீட்டர், சிலருக்கு 20, 30 மில்லிமீட்டர் என்று பருத்துவிடுகிறது. பருத்த சுவர் இரத்தம் வெளியேறும் பாதைக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. வாசல் ஒடுங்கிவிட்டது, ஆனால் போக வேண்டிய இரத்தத்தின் அளவு குறையவில்லை. கணவாய்க் காற்றைப் போலவே இரத்தமும் அங்கே வேகமெடுக்கிறது. பக்கத்தில்தான் மைட்ரல் வால்வின் மெல்லிய இதழ் இருக்கிறது. பாயும் இரத்தம் அந்த இதழை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிவிடுகிறது. ஏற்கெனவே குறுகிய வாசல் பாதி அடைபட்டுப் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இது நடக்கும். ஆனாலும் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

இன்னொரு கோளாறும் உண்டு. அதுதான் உயிரைக் குடிப்பது. நல்ல இதயத்தில் தசை நார்கள் ஒரே திசையில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இந்த நோயில் அவை குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன; நடுநடுவே தழும்புத் திசுவும் வளர்கிறது. துடிப்பைக் கிளப்பும் மின் அலை நேராகச் செல்ல வழியின்றி, சுற்றி வளைத்துத் தான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. ஒருமுறை அந்தச் சுழல் உண்டாகிவிட்டால் கீழறை துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கும். இரத்தம் வெளியேறாது. சில நொடிகளில் நினைவு தவறும். நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமாகத் தொடங்கும். இதற்குப் பெயர் மாரடைப்பு அல்ல. மாரடைப்பில் இரத்தக்குழாய் அடைபடுகிறது. இங்கே இதயமே நின்றுபோகிறது. பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாக எழுதுவதால், "கொலஸ்ட்ரால் இல்லாத பையனுக்கு எப்படி அட்டாக் வரும்?" என்று வீட்டார் காலம் முழுவதும் புரியாமல் தவிக்கிறார்கள்.

இந்த நோய் அபூர்வமானதும் அல்ல. பொதுவாக 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் இதை வைத்துக்கொண்டே முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். நோய் கண்டறியப்பட்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே திடீர் மரணம் நேர்கிறது. எனவே பயந்து நடுங்க வேண்டிய விஷயம் அல்ல இது. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ஆபத்து எப்போது கூடுகிறது என்பதைக் கவனித்தால், இளைஞனின் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை கண்முன் வரும். உடலில் நீர் வற்றினால் கீழறைக்கு வரும் இரத்தம் குறையும், அறை சுருங்கும், பருத்த சுவரும் வால்வின் இதழும் இன்னும் நெருங்கும். மது இரத்தக்குழாய்களைத் தளர்த்தும்; உடலிலிருந்து நீரையும் வெளியேற்றும்; மறுபடியும் அதே நெருக்கம். கடுமையாக ஓடிவிட்டுச் சட்டென்று நின்றால், அதுவரை கெண்டைக்கால் தசைகள் பிழிந்து மேலே அனுப்பிக்கொண்டிருந்த இரத்தம் காலிலேயே தங்கிவிடும். ஆடும்போது விழாதவன் ஆடி முடித்து நிற்கும்போது விழுவது இதனால்தான். முந்தின இரவு குடி, காலையில் சாப்பாடு இல்லை, சித்திரை வெயிலில் ஆட்டம், தண்ணீர் குடிக்க நேரமில்லை, கடைசி நிமிடத்தில் ஒரு வெறித்தனமான ரெய்டு. தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் பெரிய குற்றம் அல்ல. உள்ளே ஒடுங்கிய வாசல் உள்ள ஒருவனுக்கு இவை அத்தனையும் ஒரே நாளில் சேர்ந்து வருகின்றன.

இந்தக் கதையில் தமிழ்நாட்டு விஞ்ஞானிகளின் பங்கு பெரியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை எஸ். தண்டபாணியும், ஐதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜும், அவர்களோடு பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2009-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதயத் தசையின் கட்டமைப்புப் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போயிருப்பதை அவர்கள் ஆராய்ந்தார்கள். எம்.ஒய்.பி.பி.சி.3 என்பது அந்த மரபணுவின் பெயர். இந்த விடுபாடு இந்திய மக்கள்தொகையில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இருந்தது. பாகிஸ்தான், இலங்கை, மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் தென்பட்டது. மற்ற உலகில் ஏறக்குறைய இல்லை. 33,000 ஆண்டுகளுக்கு முன் இந்தத் துணைக்கண்டத்தில் தோன்றியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான் தொல்லை தருகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகிறார்கள். அதனால்தான் இத்தனை தலைமுறைகளாக அது அழியாமல் நம்மோடு வந்திருக்கிறது.

செய்தி வெளியானபோது, இந்தியரில் 25 பேரில் ஒருவருக்கு இதயக் குண்டு என்பதுபோலச் சிலர் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் படத்தைத் திருத்தின. 25 எழுத்து விடுபாடு மட்டும் இருப்பவர்களில் பலருக்கு இதயம் நன்றாகவே இருக்கிறது. அதே மரபணுவில் அதனோடு சேர்ந்து வரும் வேறொரு பிழையும் உள்ள சிறு கூட்டத்தில்தான் நோய் அதிகம் தெரிகிறது என்று அவை காட்டின. அறிவியல் இப்படித்தான் நகரும். முதல் கண்டுபிடிப்பின் மதிப்பு இதனால் குறைந்துவிடாது. நமக்கு வேண்டிய செய்தி எளியது. இந்த நோய் பெரும்பாலும் குடும்பத்தோடு வருவது. பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பாதிக்குப் பாதி என்பதைச் சாவு விழுந்த வீட்டில் நின்று யோசித்துப் பாருங்கள். 24 வயதுப் பையன் போய்விட்டான். தம்பி ஒருவன், அக்கா ஒருத்தி, அக்காவின் கைக்குழந்தை. பதினாறு முடிந்ததும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்தத் தம்பியை எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்க அழைத்துப்போக வேண்டும் என்று அந்த வீட்டாரிடம் யாரும் சொல்வதில்லை. அறிவு இருந்தும் வீடு போய்ச் சேராத இடம் இதுதான். என்னை மிகவும் வருத்துவதும் இதுதான்.

சுவர் பருக்காமலும் இதயம் திடீரென்று நின்றுபோவது உண்டு. சிலருக்கு இதயத்தின் உருவம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். மின்சார அமைப்பில் மட்டும் பிழை. தாய்லாந்தின் வடகிழக்குக் கிராமங்களில் திடமான இளைஞர்கள் இரவில் உறங்கப் போய் எழாமல் போவது நெடுங்காலமாக நடந்துவந்தது. விதவைப் பேய் ஒன்று ஆண்களைத் தேடி வருகிறது என்று மக்கள் நம்பினார்கள். பேயை ஏமாற்றுவதற்காக ஆண்கள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டும் பெண் உடை அணிந்துகொண்டும் படுத்தார்கள். 1982-க்கும் 1990-க்கும் இடையே சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போன தாய்லாந்துத் தொழிலாளர்களில் 200-க்கும் மேற்பட்டோர் இப்படி உறக்கத்திலேயே இறந்தார்கள். 1992-இல் ஸ்பெயினைச் சேர்ந்த பெட்ரோ புருகாடா, ஜோசப் புருகாடா என்ற சகோதரர்கள் ஈ.சி.ஜி.யில் ஒரு விசேஷ வடிவம் உள்ள நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தாய்லாந்து மரணங்களில் பலவும் அதே நோய்தான் என்பது பிறகு தெரியவந்தது. சிலரிடம், உயிரணுவுக்குள் சோடியம் நுழையும் வாயிலில் பிழை இருக்கிறது. ஆண்களிடம் இது பல மடங்கு அதிகம். காய்ச்சல் அடிக்கும்போது கூடுதல் ஆபத்து.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகும் நமக்கு, அந்தத் தாய்லாந்துக் கதை அந்நியமாகப் படாது. உச்சிப் பொழுதில் தனியே போன வாலிபன் விழுந்து செத்தால், அடித்தது இன்ன தெய்வம் என்று சொல்லும் கதைகள் நாஞ்சில் நாட்டில் ஊருக்கு ஒன்று உண்டு. அகால மரணம் அடைந்தவர்களுக்கே பீடம் போட்டுக் கும்பிடும் மரபும் இங்கே உண்டு. அந்தக் கதைகளை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம் தெரியாத சாவுகளுக்கு ஊர் எழுதி வைத்த பதிவேடு அவை. நீச்சல் தெரிந்தவன் குளத்தில் நடுவழியில் மூழ்கினான் என்ற கதையைக் கேட்டால், இன்றைய இதய மருத்துவர் காது கொடுப்பார். நீண்ட க்யூ-டி என்னும் மின்கோளாற்றின் ஒரு வகையில், நீந்தும்போதுதான் இதயம் தடுமாறும். குடும்பத்தில் திடீர் மரணம் உண்டா என்று கேட்கும்போது, நீச்சல் தெரிந்தும் மூழ்கியவர், காரணமில்லாமல் வண்டியைக் கொண்டுபோய் மரத்தில் விட்டவர் ஆகியோரையும் கணக்கில் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

கொரோனாவுக்குப் பிறகு இந்தப் பேச்சு டீக்கடைவரை வந்துவிட்டது. 2021 அக்டோபர் 29-இல் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்தார். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே கபடி ஆட்டத்தின்போது இளைஞர் ஒருவர் களத்திலேயே விழுந்து இறந்த காட்சி செல்போன் செல்போனாகப் போனது. "எல்லாம் ஊசி போட்டதால வந்த வினை" என்று பலர் முடிவுகட்டினார்கள். அப்படித்தானா என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் 47 மருத்துவமனைகளின் வழியாகப் பார்த்தது. 2021 அக்டோபருக்கும் 2023 மார்ச்சுக்கும் இடையே திடீரென்று இறந்த, 18 முதல் 45 வயதுவரையுள்ள 729 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்தவர்கள். அதே வயதில், அதே பகுதியில் உயிரோடிருக்கும் 2,916 பேரோடு அவர்களை ஒப்பிட்டார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களிடம் ஆபத்து குறைவாகவே இருந்தது. கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கடுமையான உடல் உழைப்பு, போதைப்பொருள் ஆகியவை ஆபத்தைக் கூட்டின. குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம் நிகழ்ந்திருந்தால் ஆபத்து இரண்டரை மடங்கு. கடைசி 48 மணி நேரத்தில் மட்டுமீறிக் குடித்திருந்தால் ஐந்து மடங்குக்கும் மேல்.

இந்த முடிவுகளைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பது: குடும்பத்தோடு வந்த பிழை, நோய் விட்டுப்போன தழும்பு. இன்னொரு பக்கம் அந்த நாளில் அவன் செய்தது. இரண்டும் சந்திக்கும்போது உயிர் போகிறது. இளைஞர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை எல்லாம் இரண்டாவதைப் பற்றியே இருக்கிறது. வேகமாகப் போகாதே, குடிக்காதே, குதிக்காதே. முதலாவதைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

துணிந்து இறங்குவதை வெறும் திமிர் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. மூளையில் இன்பத்தையும் பரபரப்பையும் தேடும் பகுதி பதின்வயதிலேயே முழு வேகம் பெற்றுவிடுகிறது. நிதானிக்கச் சொல்லும் முன்மூளையின் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதிவரை நீள்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் 2005-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. சிக்னல் மஞ்சளானதும் நிறுத்தலாம், அல்லது துணிந்து போய்ப் பார்க்கலாம். தனியாக ஆடியபோது பதின்வயதினர், கல்லூரி வயதினர், பெரியவர்கள் ஆகியோரிடையே பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் இரண்டு நண்பர்களை நிறுத்தியதும் இளையவர்கள் எடுத்த ஆபத்து பாய்ந்து ஏறியது, பெரியவர்கள் அசையவில்லை. பின்சீட்டில் கூட்டாளி உட்கார்ந்தால் ஆக்சிலரேட்டர் ஏன் தானாக முறுகுகிறது என்று ஆரல்வாய்மொழிப் போலீஸ்காரருக்கு அனுபவத்தில் தெரிந்ததைத்தான் அவர்கள் அளந்து காட்டினார்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18-க்கும் 45-க்கும் இடைப்பட்டவர்கள். அந்த விபத்துகளில் எத்தனை, ஓட்டியவரின் இதயம் ஒரு கணம் தடுமாறியதாலோ வலிப்பு வந்ததாலோ நேர்ந்தவை என்பதை எந்த எஃப்.ஐ.ஆரும் சொல்லாது. எல்லாம் "கட்டுப்பாட்டை இழந்து" என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

அதே மூளை, அதே நண்பர்கள், நோயை மறைக்கவும் துணைபோகிறார்கள். ஆட்டத்தின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்தால் சுற்றி நிற்பவர்கள் சொல்வது என்ன? "கேஸா இருக்கும் மக்கா, ஒரு சோடா குடி, சரியாயிரும்." சோடா குடித்து ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசாக இருக்கும்; ஆட்டம் தொடரும். மயங்கி விழுந்தால், காலையில் சாப்பிடவில்லை, வெயில், இரவில் தூக்கமில்லை என்று காரணம் அடுக்கப்படும். உண்மையிலேயே பல மயக்கங்களுக்கு அவைதான் காரணம். ரேஷன் கடை வரிசையில் நெடுநேரம் நின்று விழுவது, ஊசியைப் பார்த்து விழுவது எல்லாம் பெரும்பாலும் பயப்பட வேண்டாத மயக்கங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதோ ஏறிக்கொண்டிருக்கும்போதோ வரும் மயக்கம் வேறு ஜாதி. அதைக் கேஸ் என்று சொல்லக் கூடாது.

நம் சுகாதார அமைப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒரு பெண் கருவுற்றதும் அவளுடைய இரத்தம், பி.பி., சர்க்கரை அத்தனையும் பலமுறை சோதிக்கப்படுகின்றன. தமிழ்நாடு இதில் நாட்டுக்கே முன்மாதிரி. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த ஆணின் கையில் பி.பி. பட்டையைச் சுற்ற அடுத்த பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு யாருக்கும் வேலை இல்லை. தொற்றாநோய்களுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டமே 30 வயதில்தான் தொடங்குகிறது. அப்போதும் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வரும் நேரத்தில் அவன் வேலைக்குப் போயிருப்பான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 வயதுக்கு மேற்பட்ட இந்திய ஆண்களில் 24 சதவீதத்தினருக்கு இரத்த அழுத்தம் அதிகம். பெண்களில் 21 சதவீதம். அழுத்தம் பார்க்காமல் தெரியாது. தலைவலிகூட வராது.

ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது படிவம் 1 என்று ஒன்றை நிரப்புகிறோம். வலிப்பு உண்டா, திடீரென்று நினைவு தவறுவதோ தலைசுற்றலோ உண்டா என்று அதில் முதல் கேள்வியே கேட்கிறார்கள். சரியான கேள்வி. 40 வயதுக்கு மேற்பட்டவருக்கும் கனரக வாகனம் ஓட்டப் போகிறவருக்கும் மருத்துவர் சான்று வேண்டும். 18 வயதுப் பையனுக்கு அவன் கையெழுத்தே போதும். பெரும்பாலும் படிவத்தை நிரப்பித் தருவது இடைத்தரகர்; பையன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறான். ஒரு இளைஞனின் வாழ்க்கையில் அரசாங்கம் அவனுடைய மயக்கத்தைப் பற்றிக் கேட்கும் ஒரே தருணம் அப்படிக் கழிந்துபோகிறது. அந்த ஒரு கேள்வியை உரக்கப் படித்துக் காட்டி, 'ஆம்' என்பவனை ஒரு ஈ.சி.ஜி.க்கு அனுப்பினால் போதும் என்று நினைக்கிறேன். தண்டனையாக அல்ல, உரிமத்தையும் மறுக்க வேண்டாம்.

எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்துவிடலாமே என்று தோன்றும். இத்தாலி 1982-இல் அப்படிச் சட்டம் போட்டது. போட்டிகளில் கலந்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் ஈ.சி.ஜி. கட்டாயம். வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் 2004-க்குள் 89 சதவீதம் குறைந்ததாக 2006-இல் கணக்குக் காட்டினார்கள். இஸ்ரேலும் கட்டாயமாக்கியது, அங்கே குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று இன்னொரு ஆய்வு சொன்னது. நோய் இல்லாதவனுக்கு இருப்பதாகக் காட்டும் தவறான முடிவுகள், அதனால் வரும் பீதி, அடுத்தடுத்த சோதனைகளுக்கான செலவு இவற்றையும் பார்க்க வேண்டும். நம் ஊருக்கு உகந்தது முதலில் கேள்வி, பிறகு ஸ்டெதாஸ்கோப், அதன் பின் ஈ.சி.ஜி. தசைத்தடிப்பு நோயுள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேரின் ஈ.சி.ஜி.யில் ஏதாவது மாற்றம் தெரியும். எக்கோ அதை உறுதிசெய்யும். நோய் இருப்பது தெரிந்தால் வழியும் இருக்கிறது. பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துடிப்பை நிதானப்படுத்தும். மிகவும் அடைபட்டிருந்தால் பருத்த சுவரைச் செதுக்கி எடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு நெஞ்சுக்குள் சிறிய டீஃபிப்ரிலேட்டர் பொருத்துகிறார்கள். இதயம் நடுங்கத் தொடங்கினால் அதுவே அதிர்ச்சி கொடுத்து மீட்கும்.

2021 ஜூன் 12-இல் கோபன்ஹேகனில் யூரோ கோப்பை ஆட்டத்தின் நடுவே டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் தரையில் சரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவரைக் காப்பாற்றியது உடனே நெஞ்சை அழுத்திய கைகளும் மைதானத்தில் இருந்த டீஃபிப்ரிலேட்டரும். அந்தக் கருவியை உள்ளே பொருத்திக்கொண்டு அவர் மறுபடியும் ஆட வந்தார். நின்றுபோன இதயத்துக்கு முதலுதவி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 108 வண்டி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து கிளம்பினாலும் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பினாலும், முதல் ஐந்து நிமிடம் களத்தில் நிற்பவர்களின் கையில்தான். விழுந்தவன் அசையாமல், சரியாக மூச்சுவிடாமல் கிடந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் சாவியைக் கையில் திணிப்பதும் வேண்டாம். ஒருவர் 108-க்குப் போன் போடட்டும். இன்னொருவர் மார்பின் நடுவே இரு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலம் அமுங்கும்படி வேகமாக அழுத்தட்டும். வண்டி வரும்வரை நிறுத்த வேண்டாம்.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. ஊசியாகவும் மாத்திரையாகவும் ரகசியமாக விற்கப்படும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் கைத்தசையை மட்டும் வளர்ப்பதில்லை; இதயச் சுவரையும் தடிக்கச் செய்கின்றன. காய்ச்சல் இருக்கும்போது ஆடவும் கூடாது, எடை தூக்கவும் கூடாது. வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருக்கிறதா என்பது வெளியே தெரியாது.

கோயில் கொடைக்குக் கபடிப் போட்டி நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயர் பதிவு செய்யும் நோட்டில் வயது, ஊர், எடை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு கட்டங்கள் போடுங்கள். ஓடும்போதோ ஆடும்போதோ மயங்கி விழுந்ததுண்டா? உழைக்கும்போது நெஞ்சு வலித்ததுண்டா? கூட ஆடுகிறவர்களைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா? குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்ததுண்டா? நான்கில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால், அந்தத் தம்பியை அந்த வருஷம் ஸ்கோர் எழுத உட்காரவைத்துவிட்டு, அடுத்த நாள் காலையில் அரசு மருத்துவமனைக்கு ஒருவர் கூடவே போய் ஈ.சி.ஜி. எடுத்து வாருங்கள். தனியாகப் போ என்றால் போகமாட்டான். ஈ.சி.ஜி. எடுக்கப் பத்து நிமிடம் போதும், அரசு மருத்துவமனையில் அதற்குக் காசும் இல்லை.